எந்த மண்ணில் மக்கும்?

சென்ற ஆண்டு வானொலியில் பேசிக்கொண்டிருந்தபோது, “கரும்புச் சக்கைப் பெட்டியில் சாப்பாடு வாங்குங்கள், மண்ணோடு மண்ணாகிவிடும்” என்று சொல்லிவிட்டேன். உடனே ஒரு மூத்த நேயர் அழைத்தார். “தம்பி, சிங்கப்பூர்ல எந்த மண்ணுல போய் அது மக்குது?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த பாட்டைப் போட்டுத் தப்பித்தேன்.

கேள்வி மட்டும் என்னை விடவில்லை. சில மாதங்கள் கழித்து, ஒரு குழுவோடு படகேறிப் புலாவ் செமாக்காவ் போனேன்.

ஒரு காலத்தில் மீனவக் கம்பங்கள் இருந்த செமாக்காவ், சாக்கெங் தீவுகளை இணைத்து உருவாக்கிய இடம் இது. 1999ல் லோரோங் ஹாலுஸ் மூடப்பட்ட பிறகு, நாட்டுக்கு இருக்கும் ஒரே குப்பை நிரப்பு நிலம் இதுதான். மூக்கைப் பொத்தத் தயாராக இறங்கினேன். நாற்றமே இல்லை! ஒரு பக்கம் சதுப்புநிலச் செடிகள், மறு பக்கம் 7 கிலோமீட்டர் நீளத் தடுப்புக்கரை. கரைக்குள் தேங்கிய கடல்நீரில்தான் சாம்பலைக் கொட்டி நிரப்புகிறார்கள்.

ஆமாம், சாம்பல்தான். நம் வீட்டிலும் உணவங்காடியிலும் தொட்டியில் விழும் குப்பை எரியாலைக்குப் போகிறது. எரிந்தபின் அதன் அளவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிறது. அந்தச் சாம்பல் துவாசிலிருந்து கடல்வழியாக இங்கே வந்து சேர்கிறது.

நான் வானொலியில் புகழ்ந்த பெட்டிக்கும் இதே வழிதான். அதன் தெளிவான மூடி சோளத்திலிருந்து எடுத்த பிஎல்ஏ என்றால், அது சரியாக மக்க 60 டிகிரி அளவுக்குச் சூடேறும் பெரிய உரக்கூடம் வேண்டும். எரியாலைக்குப் போகும் குப்பையில் அதற்கு இடமேது? மக்கும் பெட்டி, மக்காத பெட்டி இரண்டும் ஒரே தீயில்தான் எரிகின்றன. இங்கே குப்பை எரிக்கப்படுவதால் மக்கும் பெட்டிதான் மேல் என்று சொல்லிவிட முடியாது என அரசாங்கமும் விளக்கியிருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை.

செமாக்காவ் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது கணிப்பு. அதற்குப் பிறகு எங்கே கொட்டுவது? தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது இதுதான் மனத்தில் ஓடியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பசியாற வாங்கத் தேக்கா நிலையத்துக்குப் போனபோது, அம்மாவின் பழைய எவர்சில்வர் டிபன் கேரியரைக் கொண்டுபோனேன். கடைக்கார அக்கா அதை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். “என்ன தம்பி, எங்க அம்மா காலத்துக்குப் போயிட்டீங்களா? சரி, பெட்டிக்கு 30 காசு கிடையாது” என்று சொல்லி, சாம்பாரை ஒரு கரண்டி கூடவே ஊற்றினார்.

அந்த வாரமே வானொலியில் என் தவற்றைச் சொன்னேன். கேள்வி கேட்ட அந்த நேயர் அன்று கேட்டாரா, தெரியவில்லை. ஐயா, உங்களுக்கு என் பதில் இதுதான்: இங்கே அது மண்ணாவதில்லை, சாம்பலாகிறது. அதனால் எந்தப் பெட்டி நல்லது என்று தேடுவதைவிட, பெட்டியே வாங்காமல் வருவதுதான் நல்லது.