பனியில் விளையும் பயிர்

தியானப் பகுதி: உபாகமம் 6:4-9



பங்குனி மாதத்தில் நம் திருவிடைமருதூரைச் சுற்றிப் பாருங்கள். வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடப்படும் மேட்டூர் அணை ஜூன் 12-இல்தான் திறக்கும். அதுவரை காவிரியில் மணலே மிகுதி. ஆயினும் வயல்கள் வெறுமையாய்க் கிடப்பதில்லை. சம்பா அறுவடைக்கு ஒரு வாரத்துக்கு முன்னரே, நிற்கும் நெற்பயிரின் ஊடே உளுந்தையும் பயறையும் தெளிக்கிறீர்கள். மண்ணில் எஞ்சிய ஈரமும், தை மாசி இரவுகளில் இறங்கும் பனியுமே அவற்றை வளர்க்கின்றன. பங்குனியில் காய்கள் முற்றி நிற்கின்றன.

பிரியமானவர்களே, குடும்பத்தின் பக்தியும் இவ்விதமாகவே வளருகிறது. கன்வென்ஷன் கூட்டங்களும் பண்டிகை ஆராதனைகளும் ஆற்றில் வரும் புதுவெள்ளத்தைப் போன்றவை. அவை வந்து போனபின், இடைப்பட்ட நாட்களில் நம் பிள்ளைகள் எதனால் வளருகிறார்கள்?

தேவனுடைய வார்த்தையைப் பிள்ளைகளுக்குப் போதிக்க மோசே நான்கு வேளைகளைக் குறிக்கிறார்: வீட்டில் அமர்ந்திருக்கும் வேளை, வழிநடக்கும் வேளை, படுக்கும் வேளை, எழும் வேளை. இவற்றில் ஒன்றுகூட ஆசரிப்புக் கூடாரத்துக்கு உரியதல்ல என்பதைக் கவனியுங்கள்.

உளுந்துச் செடி பறித்துக் களைத்து வீடு திரும்பும் தாய்மாரே, இரவு உணவுக்கு அமரும் அந்தச் சிறு பொழுது உங்கள் கையில் இருக்கிறது. திருப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கும் தகப்பன்மாரே, தொலைபேசியில் தேர்வு மதிப்பெண்களை மாத்திரம் விசாரியாதிருங்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லி ஒரு நிமிடம் ஜெபியுங்கள். பிரிந்திருக்கும் குடும்பத்துக்கு அதுவே பனி.

முழுஆண்டுத் தேர்வு முடிந்ததும் பலர் தரங்கம்பாடிக்குச் செல்வீர்கள். மயிலாடுதுறை வரை ரயிலிலும் பின்பு பேருந்திலும் செல்கையில், ஆளுக்கொரு கைபேசியில் ஆழ்ந்துவிடாமல் பிள்ளைகளோடு பேசிச் செல்லுங்கள். கடற்கரையில் விளையாடியபின், 1718-இல் கட்டி முடிக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தைக் காட்டுங்கள். 1706-இல் அக்கரையில் இறங்கிய சீகன்பால்கு ஐயர், சிறுபிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழைக் கற்றதைச் சொல்லுங்கள். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியதற்கு அந்த அன்றாடப் பொறுமையே தொடக்கம்.

இந்த வாரம், மோசே சொன்ன நான்கு வேளைகளில் ஒன்றையாவது உங்கள் குடும்பத்தில் கர்த்தருக்கென்று பிரித்தெடுங்கள்.

ஜெபம்: அன்பின் பிதாவே, ஆறு வறண்ட நாட்களிலும் எங்கள் வீடுகளின்மேல் பனியைப் போல் இறங்கும். தூரத்தில் இருப்பவர்களையும் எங்களோடு சேர்த்துக் காத்தருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.