இஞ்சியும் கப்பல் சேதியும்

கல்கத்தா, ஜூலை 3

லேக் மார்க்கெட்டில் மழைத் தண்ணீருக்கு நடுவே கூடையை உயரத் தூக்கி வைத்திருந்த கிழவரிடம் அரைக் கிலோ இஞ்சி கேட்டபோது, "இத்தனை ஆதாவா? வீட்டில் கல்யாணமா, தாதா?" என்று சிரித்தார். பெருங்குடலில் புண் என்று டாக்டர்கள் நிர்ணயித்துத் தந்த மெசலமைன் மாத்திரையின் தயவால் எட்டு மாதம் உபத்திரவமின்றி இருந்தவன், வியாதியே போய்விட்டதாகத் தானே தீர்மானித்து, மாத்திரையை நிறுத்தி இஞ்சியைச் சரணடைந்த கதையை அவரிடம் எப்படிச் சொல்வது?

பாட்டி காலத்துச் சம்பிரதாயப்படி தோல் சீவி, இடித்துப் பிழிந்த சாற்றை டம்ளரில் அசையாமல் வைத்து, அடியில் சுண்ணாம்புபோல் படிந்த வண்டலை விட்டுத் தெளிவை மட்டும் இறுத்து, தேன் கலந்து பருகினேன். தொண்டையிலிருந்து அடிவயிறுவரை கனல் இறங்கிற்று; அதையே குணமென்று எண்ணினேன்.

ஜூலை 24

விடியற்காலையில் ரத்தம். நாலு நாளாக மறைத்ததை இன்று மனைவி கண்டுபிடித்துவிட்டாள். "மாத்திரை டப்பா அப்படியே இருக்கே, ஏன்னா?"

ஜூலை 25

என் மகள் வயதுள்ள டாக்டர் கோபிக்கவில்லை. "மேசோமஷாய், இஞ்சியின் மேல் குற்றமில்லை; மாத்திரையை நிறுத்தியதுதான் குற்றம்" என்றாள். ஈரானில் இந்நோய் கண்ட 46 பேரைக் கொண்டு நடத்தி 2019இல் வெளியான ஆராய்ச்சியில், தினம் 2 கிராம் இஞ்சிப் பொடியை 12 வாரம் உண்டவர்களுக்கு நோயின் உக்கிரம் ஓரளவு தணிந்ததாம். ஆயினும் இத்தனை சொற்பப் பேரை வைத்து அதை மருந்துக்குப் பிரதியாகக் கொள்ளலாகாது என்றாள்.

ஆகஸ்ட் 2

சித்தரஞ்சன் அவென்யூவில் டிராப்பிகல் மெடிசின் பள்ளியைக் கடந்து வந்தேன். 1921இல் அங்கே மருந்தியல் பேராசிரியராக அமர்ந்த ராம்நாத் சோப்ரா, நாட்டு மூலிகைகளை வைத்தியர் வாக்கென்று அப்படியே ஏற்காமலும், நாட்டு மருந்தென்று தள்ளாமலும், ரசாயன சோதனைக்கும் பிராணிகளின்மேல் பிரயோகத்துக்கும் உட்படுத்திப் பார்த்து, 1933இல் அவற்றைப் பற்றிப் பெரிய நூலே வெளியிட்டார். அத்தகைய பொறுமை எனக்கு இருபது நாள்கூட இல்லை. தன் எல்லையை மீறித் தலையிடுகிறவனைப் பார்த்து, இஞ்சி வியாபாரிக்குக் கப்பல் சேதி எதற்கு என்பார்கள் வங்காளிகள். கணக்கெழுதி ஓய்வுபெற்ற எனக்கு வைத்தியம் எதற்கு?

மாத்திரை மறுபடி தொடங்கியாயிற்று. இஞ்சி இப்போது தெருமுனைக் கடையின் மண் குவளைத் தேநீரில் மட்டும். வெள்ளிக்கிழமை ரத்தப் பரிசோதனை.