எழுத்துதானே போட்டிருக்கேன்?

ஜாவா லேப்ல இந்தப் புரோகிராமை நீங்களும் எழுதியிருப்பீங்க. ஒரு ஸ்ட்ரிங் வாங்கணும், அதுல எழுத்து மட்டும்தான் இருக்கான்னு பார்க்கணும். ஒரு ஃபார் லூப், உள்ள கேரக்டர் கிளாஸோட இஸ்லெட்டர் மெத்தட். எழுத்து இல்லாத ஒண்ணு வந்தா ஃபால்ஸ். மொத்தம் பத்து வரி. அவுட்புட்டைக் காட்டினா ரெக்கார்டுல கையெழுத்து. நானும் அப்படித்தான் வாங்கினேன்.

அதே பத்து வரியை எங்க என்.எஸ்.எஸ். முகாமுக்கும் எடுத்துட்டுப் போனேன். ஏழு நாள் கேம்ப், அதுல ஒரு நாள் கண் பரிசோதனை. டோக்கன் கொடுக்க ஒரு சின்ன ஆப் செஞ்சோம். சர்வர் பக்கம் ஜாவா, அது என் பொறுப்பு. கிராமத்துக்குப் போறோமேன்னு திரையில வர்ற எல்லா வாசகத்தையும் தமிழ்ல மாத்தினோம். அதுல எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. நான் பத்தாவது பரீட்சையோட தமிழை மூடி வெச்சவன்.

முதல்ல வந்தது ஒரு அம்மா. மகளிர் சுயஉதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுறவங்க. "குடு தம்பி, நானே அடிக்கிறேன்"னு டேப்லெட்டை வாங்கி, ஒத்தை விரலால 'வள்ளி'ன்னு அடிச்சாங்க. சிவப்புல வந்தது: 'தவறான பெயர். எழுத்துகள் மட்டுமே இருக்க வேண்டும்.'

அதை வாய்விட்டுப் படிச்சாங்க. அழிச்சுட்டு மறுபடி அடிச்சாங்க. அதே சிவப்பு. என்னை நிமிர்ந்து பார்த்தாங்க. "எழுத்துதானே தம்பி போட்டிருக்கேன்?"

என்கிட்ட பதில் இல்ல. பின்னாடி வரிசை நீண்டுக்கிட்டே போச்சு. "இங்கிலீஷ்ல போட்டுவிடு மச்சான்"னு நண்பன் சொன்னான். போட்டேன், டோக்கன் வந்துடுச்சு. அந்த அம்மா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இதுல என் பேரு எங்க இருக்கு?"ன்னு கேட்டாங்க. விரலால தொட்டுக் காட்டினேன். அன்னைக்கு முழுக்க எல்லார் பேரையும் நானே இங்கிலீஷ்ல அடிச்சேன்.

ராத்திரி லேப்டாப்பைத் திறந்து 'வள்ளி'யை லூப்ல விட்டேன். லெங்த் 5. நம்ம கண்ணுக்கு மூணு எழுத்து: வ, ள், ளி. யூனிகோடுல அஞ்சு: வ, ள, புள்ளி, மறுபடி ள, கடைசியா இகரக் குறி. வ-வுக்கும் ரெண்டு ள-வுக்கும் இஸ்லெட்டர் ட்ரூ. புள்ளிக்கும் குறிக்கும் ஃபால்ஸ். யூனிகோடு கணக்குல அதுங்க லெட்டர் இல்ல, மார்க்னு தனி வகை. புள்ளி, கால், கொம்பு எதுவுமே இல்லாத பேர் உங்க வீட்டுல யாருக்காவது இருக்கா? யோசிச்சுப் பாருங்க. என் புரோகிராம் அந்த ஊரையே தப்புன்னு சொல்லியிருக்கும்.

ஜாவாவைத் திட்டலாம்னு பார்த்தேன், முடியல. தமிழ் 1991-லயே யூனிகோடுக்குள்ள வந்தாச்சு. ஜாவா 1996-ல வெளிவந்தப்பவே யூனிகோடோடதான் வந்தது. ரெண்டுமே நான் பிறக்கிறதுக்கு முன்னாடி. என் டெஸ்ட் கேஸ் என்னென்ன? என் பேர், நண்பன் பேர், அப்புறம் 1234. எல்லாம் இங்கிலீஷ் கீபோர்டுல. திரையைத் தமிழ்ல மாத்தின எனக்கு, அதுல தமிழ்ல யாராவது பதில் எழுதுவாங்கன்னு தோணவே இல்ல.

சரிசெய்யலாம்னு முதல்ல இஸ்ஆல்ஃபபெடிக்னு மாத்தினேன். இகரக் குறி பாஸ் ஆச்சு, புள்ளி மாட்டிக்கிச்சு. ரெகுலர் எக்ஸ்பிரஷன்ல பின்சாய்வுக்கோடு போட்டு சின்ன டபிள்யூ? ஜாவாவுல அது சாதாரணமா இங்கிலீஷ் எழுத்து, எண், அண்டர்ஸ்கோர், அவ்வளவுதான். நமக்கு வேண்டாத எண்ணை விடும், தமிழை விடாது. கடைசியா சரியா வந்தது இதுதான்: லெட்டர் வகை, மார்க் வகை ரெண்டையும் அனுமதிக்கணும். கூடவே இடைவெளி, இனிஷியலுக்கு ஃபுல்ஸ்டாப். முதல் கேரக்டர் மட்டும் கண்டிப்பா லெட்டர். ஒரே வரி, அஞ்சே வகை சோதனை. 'டேட்டாபேஸ் பாதுகாப்புக்கு இதெல்லாம் தடுக்கணுமே'ன்னு கேட்டா, அது பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் பார்த்துக்கிற வேலை. அதுக்காகப் பேரை வெட்ட வேண்டியதில்ல.

கோடு சரியாச்சு. ஆனா மறுநாள் கண்ணாடி தேவைப்படுறவங்க லிஸ்ட்டைத் தமிழ்ல ஒட்டணும். என்கிட்ட இருந்ததெல்லாம் நான் இங்கிலீஷ்ல அடிச்ச பேருங்க. அதைப் பார்த்தா வள்ளியா வல்லியான்னு தெரியாது, மணியா மானியான்னு தெரியாது. எந்தப் புரோகிராமாலயும் அதைத் திருப்பி எடுக்க முடியாது. டேப்லெட்டை எடுத்துட்டு ஒவ்வொரு வீடா நடந்தேன்.

அந்த அம்மா திண்ணையில உட்கார்ந்திருந்தாங்க. மறுபடியும் ஒத்தை விரலால அடிச்சாங்க. சிவப்பு வரல. "நேத்து மட்டும் என்ன தம்பி ஆச்சு?"ன்னு கேட்டாங்க. "நான்தாம்மா தப்பா எழுதிட்டேன்"னு சொன்னேன்.

இந்த செமஸ்டர் உங்க புராஜெக்ட்லயும் பேர் கேட்கிற ஒரு கட்டம் இருக்கும். சப்மிட் பண்றதுக்கு முன்னாடி, உங்க அம்மா பேரைத் தமிழ்ல ஒரு தடவை அடிச்சுப் பாருங்க.