மைனர் விற்பனைக்கு

பழைய கார் விற்பதற்கென்று ஒரு தனித் தமிழ் இருக்கிறது. 'மிக நல்ல நிலையில்', 'ஒருவரே பாவித்தது', 'பார்த்தால் விடமாட்டீர்கள்'. இந்தத் தமிழ் எனக்குக் கைவராது. ஆனால் எங்கள் ஊரில் மனுவானாலும் கலியாண நோட்டீஸானாலும் பள்ளிக்கூடத்துச் சேரிடம்தான் வரும். 2024இல் மாமியின் மொரிஸ் மைனருக்கு விளம்பரம் எழுதும் வேலையும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

சொந்த மாமியல்ல. ஹயர் ஓடிய மாமாவின் மனைவி; ஊரில் பாதிப்பேருக்கு அவர் மாமிதான். மாமா மௌத்தாகி மூன்று வருடம். அவருடைய வைத்தியச் செலவுக்காக இரண்டு ஏக்கர் வயல் ஈட்டுக்குப் போயிருந்தது. அதை மீட்க மாமியிடம் எஞ்சியிருந்தது கிடுகுக் கொட்டிலில் நின்ற அந்தக் கார் ஒன்றுதான்.

மைனரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்து, 1948இல் லண்டன் கண்காட்சியில் வைத்த கார் அது. செய்து முடித்த மாதிரி ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குப் பட்டதாம். நடுவால் நீளத்துக்கு வெட்டி, இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகட்டிவிட்டார். பொனட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த வெட்டின் அடையாளம். கம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு இந்தக் கார் பிடிக்கவேயில்லை. தண்ணீரில் உடைத்து ஊற்றி வேகவைத்த முட்டை போல இருக்கிறது என்றாராம். அந்த முட்டைதான் 1960 முடிந்து 1961 பிறந்த வேளையில் பத்து இலட்சத்தைத் தொட்டது. எந்தப் பிரித்தானியக் காரும் அதற்குமுன் அந்தக் கணக்கைக் கண்டதில்லை. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டிருந்தன.

எங்கள் நாட்டில் அது நிலைத்ததற்குக் காரணம் அழகல்ல, இல்லாமை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் கார் இறக்குமதி சுருங்கிய காலத்தில், இருப்பதைத் திருத்தி ஓடுவதே வழி. 1977க்குப் பிறகு ஜப்பான் கார்கள் வந்து குவிந்தபோதும் மைனர் சாகவில்லை. பொனட்டைத் திறந்தால் உள்ளே ஓர் ஆள் இறங்கி நிற்கலாம் போலத் தாராளமான இடம். ஒரு சாவிக்கட்டும் பொறுமையும் இருந்தால் போதும். எங்கள் பாஸ்மார் தகடு தட்டிப் பழகிய கை எவ்வளவு தேர்ந்தது என்றால், இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேயார் என்பவர், அந்தக் காருக்கான பாகங்களை இலங்கையில் செய்வித்து அங்கே கொண்டுபோனார். பிறந்த வீட்டுக்கே நாம் சீர் அனுப்பியிருக்கிறோம்!

மாமாவுடையது 1959ஆம் வருடத்து மைனர் 1000. 948 சீசீ எஞ்சின், ஒரே கண்ணாடியாக முன்முகம், திரும்பும்போது பக்கத்தூணிலிருந்து எழும்பும் சிறு கை. இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ'. 1958இல் அந்த ஓர் எழுத்து இந்த நாட்டைப் படுத்திய பாடு வேறு கதை. சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்ப் 'டிக் டிக்' என்று அடிக்கும். யுத்த காலத்து இரவுகளில் அந்தச் சத்தம் கேட்டால், எந்த வீட்டிலோ பிள்ளைப்பேற்று நோவு என்று ஊர் விளங்கிக்கொள்ளும். சோதனைச் சாவடிக்குக் கிட்டே வெளி லைட்டை அணைத்து, உள்ளே தான் பூட்டி வைத்த சின்ன பல்பைப் போட்டுக்கொண்டு மாமா ஊர்ந்து போவார். அந்தப் பின்சீற்றிலேயே பிறந்தவர்கள் இருவர் ஊரில் இருக்கிறார்கள். ஒருவன் எனது மாணவன், கணக்கில் சுழியன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதோடு பழைய கார்களின் விலை ஏறிற்று. மைனருக்கு வேறொரு கிராக்கியும் சேர்ந்தது. கொழும்பில் வசதியான இளைஞர்கள் ஆசைக்காக அதை வாங்கி மினுக்கி வைத்துக்கொள்கிறார்கள். தரகர் ஒருவர் வந்து பார்த்தார். "மாமி, ஒரு பெயின்றைப் பூசிப்போட்டு 'கண்டிஷன் நல்லம்' எண்டு போடுவம். பதினைஞ்சு இலட்சம் எடுத்துத் தாறன்" என்றார்.

மாமி அவருக்குப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "கொறய மறச்சி வித்த காசில வயல மீட்டா, அந்த நெல்ல நான் எப்பிடித் தின்னுற மகன்? எல்லாத்தையும் எழுது."

எழுதினேன். கதவுக்குக் கீழ்ப்பகுதி இரு பக்கமும் கறள். பின் வில்லுத்தகடு பிடிக்கும் இடத்தில் செசி அரித்திருக்கிறது. முன்சில்லு தொங்கும் மூட்டு தேய்ந்தது. கிறீஸ் அடிக்காமல் விட்டால் சில்லு மடிந்து உட்கார்ந்துவிடும், மைனருக்கு அது பரம்பரை நோய். பிரேக் சிலிண்டர் காலடித் தரைக்குக் கீழே ஒழுகுகிறது. மூன்று வருடமாக ஓடவில்லை. தரகர் வாசித்துவிட்டு, "இது விளம்பரமில்ல சேர், மையித்து அறிவித்தல்" என்று எழும்பிப் போனார். நல்ல வசனம்தான், ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டு மாதம் ஒருவரும் வரவில்லை. ஈட்டுக்காரர் மட்டும் இரண்டு முறை வந்தார். மாமியின் மகள், ஒரு வரியையாவது வெட்டச் சொல்லி என்னிடம் கெஞ்சினாள். மாமியிடம் கேட்டேன். அவர் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார்.

மூன்றாம் மாதம் கண்டிப் பக்கத்து இளைஞர் ஒருவர் வந்தார். சாறனைக் கேட்டு வாங்கி உடுத்து, டோர்ச்சுடன் காருக்குக் கீழே அரைமணி நேரம் படுத்திருந்தார். வெளியே வந்து நான் எழுதிய தாளை எடுத்து, பேனையால் ஒவ்வொன்றாகச் சரி போட்டார். கடைசியில், "ரேடியேற்றரும் ஒழுகுது, அத விட்டுட்டீங்க" என்றார். மாமி அதற்கும் விலையில் குறைக்கச் சொன்னார். அவர் குறைக்கவில்லை.

ஒன்பது இலட்சத்துக்கு முடிந்தது. லொறியில் ஏற்றும்போது ஊர்ப் பெண்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். கிடைத்த பணத்தில் ஓர் ஏக்கர் மீண்டது. மற்றது இன்னும் ஈட்டில் இருக்கிறது.