வளவில் ஒரு கூடாரம்



கொழும்பு - புத்தளம் வீதியில் பாலாவிச் சந்தியில் திரும்பினால் கற்பிட்டிக் குடாநாடு தொடங்கும். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. நடுவில் வெண்மணலும் தென்னையும் வெங்காயத் தோட்டங்களும். 2011 இல் நுரைச்சோலை அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் வானத்தின் ஒரு மூலை இரவிலும் வெளுத்திருக்கிறது. மற்றப் பக்கங்களில் நட்சத்திரங்களைத் தாராளமாகக் காணலாம்.

இம்மணலுக்கு வேறொரு சரித்திரமும் உண்டு. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து ஆயுதமுனையில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் மன்னார்த் தீவினர் பலர் படகுகளில் வந்திறங்கியது இக்கரையில்தான். தென்னந்தோப்புகளில் கிடுகையும் தறப்பாளையும் கூரையாக்கி வருடக்கணக்கில் வாழ்ந்தார்கள். எருக்கலம்பிட்டியிலிருந்து வந்த எங்கள் குடும்பமும் அவர்களோடு இருந்தது. எனவே, 'முகாம்' என்ற சொல்லை எங்கள் வீட்டில் எவரும் விளையாட்டாகச் சொல்வதில்லை.

கடந்த பெப்ரவரியில் ஐந்து வயதான என் இளைய மகன், பாடப் புத்தகத்தில் கூடாரப் படமொன்றைப் பார்த்துவிட்டு, "வாப்பா, நாமளும் வளவுல இப்படிப் படுப்போமா?" என்று கேட்டான். என் உம்மாவின் முகம் மாறியது. "தறப்பாளுக்குக் கீழ படுத்தது போதாதா? நல்ல வீடு இருக்கே" என்றார். பிள்ளையோ விடவில்லை.

தேங்காய் பறித்து முடிந்த இரு தென்னைகளுக்கிடையே கயிறு கட்டித் தறப்பாளைப் போட்டோம். உள்ளே பாயும் நுளம்பு வலையும். வத்தாளங்கிழங்கு சுட்டுத் தின்றோம். இஷாவுக்குப் பின் விளக்குகளை அணைத்ததும் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டான். உச்சிக்குச் சற்று மேற்கே கார்த்திகைக் கூட்டம் தெரிந்தது. அரபியில் அதை ஸுரையா என்பார்கள். அதன் பின்னே வரும் செந்நிற நட்சத்திரத்துக்குத் 'பின்தொடர்வது' என்ற பொருளில் அத்தபரான் என்று பெயர். ஆங்கிலேயரும் அந்த அரபுப் பெயரையே வழங்குகிறார்கள். பெயர் தெரிந்ததும் பிள்ளையின் பயம் பாதி குறைந்தது.

சற்று நேரத்தில் உம்மா தம் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து பேரனுக்கு அருகில் விரித்தார். யாரும் கேட்காமலே பேசத் தொடங்கினார். வெயில் காலத்தில் ஊரில் எல்லோரும் முற்றத்தில் படுப்பதையும், மன்னார்க் கழுதைகள் இரவில் வந்து வேலிக் கிடுகை இழுப்பதையும், ஒரு கழுதை அவருடைய வாப்பாவின் சாரனைக் கவ்விக்கொண்டு ஓடியதையும் சொன்னார். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தான். இத்தனை வருடத்தில் நானும் கேட்டிராத கதைகள் அவை.

"வாப்பும்மா, அந்த வீடு இப்ப யாருட்ட?"

"வீடு இல்ல மகன். கிணறு இருக்கு."

"தண்ணி இருக்கா?"

"இருக்கும். நல்ல தண்ணி."

"அப்ப போய்க் குடிப்போம்" என்றவன் தூங்கிவிட்டான். உம்மா வெகுநேரம் விழித்திருந்தார். ஆனால் வீட்டுக்குள் போகவில்லை. சுபஹ் பாங்கு கேட்டபோது தறப்பாள் பனியில் நனைந்திருந்தது.

வாசகர்களே, இதற்குப் பெரிய செலவில்லை. எங்கள் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை காற்று தறப்பாளைப் பிய்த்துவிடும். ஒக்டோபருக்குப் பின் மழை. ஆதலால் பெப்ரவரியே தோதான மாதம். காய் நிற்கும் தென்னையின் கீழ் மட்டும் படுக்காதீர்கள். இடம்பெயர்ந்து வந்த முதியவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். பழையதைச் சொல்லுங்கள் என்று அவர்களை வற்புறுத்த வேண்டாம். பேரப்பிள்ளைகளை முற்றத்தில் படுக்க வைத்து, பக்கத்தில் ஒரு பாய்க்கு இடம் விட்டு வையுங்கள். அவர்களாக வருவார்கள்.