வினாவும் பேரேடும்

கணக்கு என்பது எழுதப்படுதற்கு மட்டும் உரியதன்று, கேட்கப்படுதற்கும் உரியது. கேட்பாரற்ற கணக்கு எத்துணை நேர்மையாக எழுதப்பெற்றதாயினும் ஊருக்குப் பயன்படாது. பிளாக்செயின் என்னும் பொதுப் பேரேட்டைப் புகழ்வாரும் இகழ்வாரும் இக்காலத்துப் பலர்; அதனைத் திறந்து வாசித்தார் சிலரே. ஆதலின் அதனை வினவும் வகையையும், வினவியதனால் யாம் அறிந்ததனையும் ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

அப்பேரேட்டின் இயல்பு முதற்கண் அறியத்தக்கது. கொடுக்கல் வாங்கல்கள் அதன்கண் தொகுதி தொகுதியாகப் பதியப்பெறும். ஒவ்வொரு தொகுதிக்கும், அதன் உள்ளடக்கத்தினின்று கணித முறையாற் பெறப்படும் அடையாள எண் ஒன்று உண்டு. அதனை ஹாஷ் என்பர். பின்வரும் தொகுதி முன்னதன் ஹாஷைத் தன்னுள் தாங்கி நிற்றலால், பழைய பதிவில் ஓரெழுத்து மாறினும் அதன்பின் வந்தன யாவும் பொருந்தாவாய் முடியும். 2015-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் தொடங்கிய எதீரியம் இவ்வகைப் பேரேடுகளுள் ஒன்று. பேரேட்டின் படியைத் தன்பால் வைத்துக் காக்கும் கணிப்பொறி, கணு எனப்படும்.

கணுவினை வினவுதற்கு முதலில் அமைந்த முறையில், வெவ்வேறு செய்திகளுக்கு வெவ்வேறு அழைப்புகள் வேண்டும். வேண்டியது ஒன்றாயினும் வேண்டாதன பலவும் உடன்வரும். கிராஃப்கியூஎல் என்னும் வினவல் மொழியோ அத்தகையதன்று. 2012-ஆம் ஆண்டில் ஃபேஸ்புக் நிறுவனத்தில் உருவாகி, 2015-ஆம் ஆண்டில் யாவர்க்கும் பொதுவாக வெளியிடப்பெற்ற இம்மொழியில், வேண்டிய பொருள்களைப் பெயர் சொல்லிக் கேட்பின், அவை மட்டும் கேட்ட வடிவிலேயே வந்து சேரும். 2019-ஆம் ஆண்டு முதல் கெத் என்னும் எதீரிய மென்பொருளும் இதனை ஏற்றுக்கொண்டது. பைத்தான் மொழி பயில்வார்க்கு ஜிகியூஎல் என்னும் நூலகம் உளது. நம் வினாவைக் கணுவுக்கு அனுப்பி, விடையைப் பைத்தானுக்கு இயைந்த வடிவில் அது கொணர்ந்து தரும்.

இக்கருவியைக் கொண்டு யாம் எதனை வினவினோம் எனின், 2016-ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு பூசலை என்க. அவ்வாண்டில் பலர் கூடி ‘தி டாவோ’ என்னும் முதலீட்டு நிதியை எதீரியத்தின்மேல் நிறுவினர். பணத்தைக் கொடுத்தபின்னரே இருப்பைக் கழிக்குமாறு அதன் நிரல் அமைந்திருந்தது. கழிக்குமுன் மீண்டும் மீண்டும் கேட்டு, ஜூன் 17-ஆம் நாள் ஒருவர் ஏறக்குறைய 36 லட்சம் ஈதரைப் பெயர்த்தனர். பணத்தை மீட்டே தீரவேண்டும் என்றனர் பெரும்பாலோர். எழுதிய ஏட்டைத் திருத்தலாகாது என்றனர் ஏனையோர். ஜூலை 20-ஆம் நாள், 1920000 என்னும் எண்ணுடைய தொகுதியில் பேரேடு இரண்டாகப் பிரிந்தது. இருப்பை மாற்றிப் பணத்தை மீட்ட கிளை எதீரியம் என்னும் பெயரைத் தொடர்ந்தது. மாற்றாத கிளை எதீரியம் கிளாசிக் ஆயிற்று.

இவ்விரு கிளைகளின் கணுக்களுக்கும் ஒரே வினாவை விடுத்தோம்: ‘1920000-ஆம் தொகுதியின் ஹாஷ் யாது? அதன் முன்தொகுதியின் ஹாஷ் யாது?’ இரண்டையும் ஒரே வினாவில் அடக்கிக் கேட்டல் இம்மொழியில் எளிது. முன்தொகுதிக்கு இரண்டு கணுக்களும் ஒரே விடை தந்தன. 1920000-க்கோ, ஒன்று 4985 எனத் தொடங்கும் ஹாஷையும், மற்றொன்று 9436 எனத் தொடங்கும் ஹாஷையும் தந்தன. இரண்டும் பொய்யல்ல, ஒவ்வொன்றும் தன் ஏட்டின்படி மெய்யே. பணம் பெயர்க்கப்பெற்ற பழம் பதிவுகளும் இரண்டு ஏடுகளிலும் இன்றளவும் அழியாது நிற்கின்றன. அதன்பின் பணம் யாருடையது என்பதிலேதான் இவை வேறுபட்டன.

இதனால் யாம் தெளிந்தது யாதெனின், மாற்றவொண்ணாத ஏடு என்னும் புகழ்ச்சி முழுதும் கணிதத்தால் விளைந்ததன்று என்பதே. கணிதம், மாற்றத்தை மறைக்கவொட்டாது. மாற்றுவதோ விடுவதோ என்பதை மாந்தரே தீர்மானிக்கின்றனர். இழந்தார்க்குப் பொருளை மீட்டளித்தலும் அறம். முன்னரே ஒப்பிய விதியைப் பிறழாமையும் அறம். இவ்விரண்டும் மோதியவிடத்து, எவ்வினவல் மொழியும் தீர்ப்பு உரைக்கமாட்டாது. ஆயினும் மோதல் நிகழ்ந்த இடத்தை எவரும் காணுமாறு விரல் சுட்டிக் காட்டும். அதுவே அதன் பெரும்பயன்.

மாணவ நண்பர்காள்! ‘பேரேடு இவ்வாறு கூறுகின்றது’ என ஒருவர் உரைப்பின், எந்தப் பேரேடு, எவருடைய கணு, கேட்ட வினா யாது என இம்மூன்றனையும் உசாவுமின். பிறர் நடத்தும் கணுவினிடம் கேட்கும் விடை, அவர் சொல்லை நம்பிப் பெறும் விடையேயாம். இயலுமாயின் நுமக்கென ஒரு கணுவை நிறுவிக் கேண்மின். திறந்து கிடக்கும் ஏடு, நாம் கேட்குங்காறும் ஊமையே.