எட்டு மணிக்குச் சாப்பிட்டவர்கள்

காலை ஆறரை. அவிநாசிபாளையம் நால்ரோடு. திருப்பூர்–தாராபுரம் சாலையைக் கோவை–திருச்சி சாலை குறுக்கே வெட்டும் இடம். ரத்தப் பரிசோதனைக் கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருக்கிறது. குனிந்துதான் போக வேண்டும். ஆறு பேர் குனிந்து உள்ளே போயாயிற்று.

நாற்காலி ஐந்து. ஆறாவது ஆள் நிற்கிறார்.

பக்கத்துக் கடை டீக்கடை. முதல் ஈடு பஜ்ஜி எண்ணெயில் இறங்குகிறது. மணம் ஷட்டருக்குக் கீழே நுழைந்து வருகிறது. ஆறு முகமும் அந்தப் பக்கம் திரும்புகின்றன. பிறகு ஒன்றொன்றாகத் தரையைப் பார்க்கின்றன.

சுவரில் லேமினேஷன் போட்ட தாள். ‘வெறும் வயிற்றில் வரவும். 10–12 மணி நேரம்.’ அடியில் எறும்பெழுத்தில்: ‘தண்ணீர் குடிக்கலாம்.’

பெரியவர் தண்ணீர் குடிக்கவில்லை. எச்சிலைக்கூட யோசித்து விழுங்குகிறார். பேத்தி பாட்டிலை நீட்டுகிறாள். கையால் தள்ளுகிறார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே போய் ஒரு பீடி பற்றவைக்கிறார். பீடி சாப்பாட்டுக் கணக்கில் வராது.

டெக்னீசியன் பெண் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வருகிறாள். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே முதல் கேள்வி.

“எப்பங்க சாப்ட்டீங்க?”

“ராத்திரி எட்டு மணிக்குங்க.”

அடுத்தவர். “எப்பங்க சாப்ட்டீங்க?”

“எட்டு மணிக்குங்க.”

மூன்றாமவருக்கும் எட்டு மணி. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடிவதே எட்டரைக்கு. யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

நான்காவது ஒடிசாப் பையன். பெண் விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோகிறாள். “கானா?” அவன் வேகமாகத் தலையாட்டி மறுக்கிறான். வயிற்றைத் தட்டிக் காட்டுகிறான், காலி. சீட்டைப் பிரிக்கிறாள். கம்பெனியில் சேர ரத்த குரூப் மட்டும் கேட்டிருக்கிறார்கள். பிறந்த நாள் முதல் மாறாத ஒன்றுக்கு அவனும் பட்டினி.

மேசைமேல் குழாய்கள். சாம்பல் மூடி சர்க்கரைக்கு. சிவப்பு மூடி கொழுப்புக்கு. ஊதா மூடி ரத்த அணுக்கள் எண்ண. பெரியவருக்குச் சாம்பலும் சிவப்பும். ரப்பர் பட்டை இறுகுகிறது. “கையை மூடுங்க தாத்தா.” ஊசி. பஞ்சு. “மடக்கிப் புடிங்க.” ஊசி. பஞ்சு. “மடக்கிப் புடிங்க.”

செக்கிங் பிரிவு அக்காவின் சீட்டில் ஒரே வரி. முழு ரத்த எண்ணிக்கை. ஊதா மூடி ஒன்று போதும்.

“ஏனுங்கக்கா, இதுக்குச் சாப்புட்டே வந்திருக்கலாங்க.”

அக்கா மற்ற நாற்காலிகளைப் பார்க்கிறாள். “எல்லாரும் வெறும் வயித்துலதானுங்க வந்திருக்காங்க?”

ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. காலையில் தின்னும் இரண்டு இட்லி அந்தக் கணக்கைத் தொடுவதில்லை. வெள்ளையணு சற்று ஏறி இறங்கும், அவ்வளவுதான். பட்டினி நிஜமாகவே தேவைப்படுவது சாம்பல் மூடிக்கு. அதற்கும் எட்டு மணி நேரம் போதும்.

சிவப்பு மூடியின் கதை கொஞ்சம் வளைந்தது. வழக்கமான சாப்பாட்டுக்குப் பின் ட்ரைகிளிசரைடு சராசரியாக 26 மில்லிகிராம் ஏறுகிறது. மொத்தக் கொலஸ்ட்ரால் 8 இறங்குகிறது. நல்ல கொழுப்பு கிட்டத்தட்ட நகர்வதேயில்லை. டென்மார்க்கில் 2009 முதல் சாப்பிட்டவர்களிடமே எடுக்கிறார்கள். 2016இல் ஐரோப்பிய மருத்துவச் சங்கங்களும் அதையே வழக்கமாக்கலாம் என்று கூட்டறிக்கை விட்டன. லேமினேஷன் போட்ட தாளின் நான்கு மூலையிலும் பழுப்பேறியிருக்கிறது.

ஐந்தாவது, நிட்டிங்கில் நைட் ஷிப்ட் முடித்து வந்தவர். மீசையில் பஞ்சுத் தூசி. கையில் பிளாஸ்டிக் கவர், அதில் போன மாத ரிப்போர்ட். ட்ரைகிளிசரைடு 486. கெட்ட கொழுப்பு என்ற கட்டத்தில் எண் இல்லை, ஒரு சின்னக் கோடு. அந்த எண் அளந்து வருவதல்ல, கழித்து வருவது. மொத்தத்திலிருந்து நல்லதை எடு, ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒன்றை எடு, மிச்சம் கெட்டது. பிரீட்வால்ட் என்பவரும் கூட்டாளிகளும் 1972இல் போட்ட கணக்கு. 400ஐத் தாண்டினால் கணக்கு உதைக்கும். டாக்டர் சீட்டில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறார்: ‘வெறும் வயிற்றில் மறுபடி.’ அடியில் இரண்டு கோடு.

“எப்பங்க சாப்ட்டீங்க?”

“எட்டு மணிக்குங்க.”

குத்தி முடித்ததும் நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறார். தலைக்கு மேல் ஜவுளிக்கடைக் காலண்டர். பஞ்சை மடக்கிய கை மடக்கியபடியே இருக்கிறது.

சிவப்பு மூடிகள் உறைந்தபின் சுழலும் இயந்திரத்துக்குள் போகின்றன. பத்து நிமிடம் உறுமல். நிற்கிறது. பெண் குழாய்களை ஸ்டாண்டில் வரிசையாகச் செருகுகிறாள். கீழே கருஞ்சிவப்பு, மேலே தெளிந்த மஞ்சள், நல்லெண்ணெய் நிறம். ஒன்று மட்டும் அப்படியில்லை. மேலே நிற்பது கலங்கல். தண்ணீர் ஊற்றிய பால்.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள். பெயரைப் பார்க்கிறாள். நாற்காலியைப் பார்க்கிறாள்.

“அண்ணா. எப்பச் சாப்ட்டீங்க?”

கண் திறக்கிறது. குழாய் தெரிகிறது.

“நாலு மணிக்கு ஒரு போண்டாங்க.”

பெண் குழாயை இறக்கவில்லை.

“ரெண்டு.”

இன்னும் இறக்கவில்லை.

“ஒரு டீயுங்க.”

“நாளைக்கு வாங்கண்ணா.”

அவர் எழுந்து, குனிந்து, வெளியே போகிறார். டீக்கடை பெஞ்சில் இடம் இருக்கிறது. பஜ்ஜி சூடாக இருக்கிறது. இனி நாளைக்குத்தானே.

அணு எண்ணும் இயந்திரத்துக்கு ஒரு நிமிடம் போதும். அக்காவின் தாள் முதலில் வருகிறது. ஹீமோகுளோபின் 9.1. பக்கத்துக் கட்டத்தில் இருக்க வேண்டிய அளவு, 12க்கு மேல்.

“நேரத்துக்குச் சாப்புடுங்கக்கா. டாக்டர்கிட்டக் காட்டுங்க.”

அக்கா சிரிக்கிறாள். தாளை நான்காக மடித்துப் பையில் வைக்கிறாள். பையில் தூக்குப்போசி. மூடி இன்னும் திறக்கவில்லை.

எட்டு பத்து. நால்ரோட்டில் வேன் ஆரன் அடிக்கிறது. அக்கா ஓடுகிறாள். வேனில் நிற்கத்தான் இடம். ஒரு கை கம்பியில், ஒரு கை பையில்.

கம்பெனியில் எட்டரைக்கு மணி அடிக்கும். டீ பதினோரு மணிக்கு.